நுரை அடங்கிய கிளாஸ்

அடுப்பில் தனியா வறுபடுகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் என் வீட்டில் வறுத்து அரைத்த சாம்பார்தான், புதிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் வாசனை ஹாலுக்கு வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன், திரும்பி வந்தேன். மேஜைமேல் உன் நீல அட்டை நோட்டு அப்படியே இருக்கிறது.

போன வாரம் உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்ததும் உன் மனைவி அதை என் கையில் கொடுத்தாள். "உங்க பீர் புராணம் எல்லாம் இதுலதான் இருக்கு அண்ணா. அவர் கையெழுத்து எனக்குப் புரியாது. நீங்க ஒரு தடவை படிச்சு வைங்க. அடுத்த ஞாயிறு வர்றேன், எனக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்றாள் ஸ்டெல்லா. நானும் தலையாட்டினேன். அந்த அடுத்த ஞாயிறு இன்றைக்குத்தான். கோயிலில் பூசை முடிந்து அவள் குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வர அதிகம் போனால் அரை மணி நேரம். அதற்குள் ஒரே ஒரு பக்கத்தைப் பற்றி நான் முடிவு செய்தாக வேண்டும். வாசிப்பதா, தாண்டிப் போவதா, இல்லை கிழித்தே விடுவதா.

ஜி.எஸ்.டி. ரோட்டு மாடி பாரில் நாம் முதல் தடவை உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? மே மாதம், சனிக்கிழமை மதியம். சுற்றியிருந்த மேஜைகளில் கூலிங் போதவில்லை என்று ஆளாளுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் கூலிங் இல்லாத பீர் வேண்டும் என்றாய். சர்வர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், ஊரே கூலிங் கூலிங்னு உசுர வாங்கினு கீது. நீங்க இன்னாடான்னா இப்படிக் கேக்குறீங்க. அது கேஸ் கேஸா கீது சார், யாரும் தொடமாட்றான்" என்றார். ரொம்பச் சில்லென்று இருந்தால் நாக்கு மரத்துப் போகும், வாசனை எழும்பாது என்று நீ அவருக்குப் பொறுமையாக விளக்கினாய். அவருக்கு அது ஏறவேயில்லை. ஆனால் அன்றிலிருந்து நாம் படியேறும்போதே இரண்டு பாட்டிலைக் கேஸிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார்.

உனக்கு மூக்குதான் எல்லாம். மசாலாப் பொடி கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. லாரியில் வந்து இறங்கும் தனியா மூட்டையில் கையை விட்டு முகர்ந்து, இது ஆகும், இது ஆகாது என்று நீ சொல்லிவிட்டால் முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டார் என்பாய். நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். பீர் என்றால் கசக்கும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாதவன். பாண்டிச்சேரிக்குப் பஸ் பிடித்துப் போய், அங்கேயே காய்ச்சி ஊற்றுகிற பப்பில் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் குடித்தபோது, சுக்குக் காப்பியைக் கொஞ்சம் தீயவிட்ட மாதிரி என்று சொன்னாய். அதைக் கேட்டபிறகுதான் என் நாக்குக்கும் அது தெரிந்தது. பெங்களூரில் மரப் படிக்கட்டு வைத்த அந்தப் பழைய பப்பில் பேல் ஏல் என்கிற கசப்பு பீர் வந்ததும் "வேப்பம்பூ ரசம் மச்சான்" என்று சத்தமாகச் சொன்னாய். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு மானம் போயிற்று. கோதுமை பீருக்கு மட்டும் எப்போதும் ஒரே தீர்ப்பு. தனியா, கமலா ஆரஞ்சுத் தோல். கண்ணை மூடிக்கொண்டு பூசையில் நிற்பவன் மாதிரிச் சொல்லுவாய்.

அப்புறம் நம் மூக்குப் பரீட்சை. ஒருவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும், மற்றவன் இரண்டு கிளாஸில் இரண்டு விதமாக ஊற்ற வேண்டும். திரும்பியவன் கண்ணைத் திறக்காமல் முகர்ந்து சொல்ல வேண்டும். நீ ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. நான் ஒரு தடவைகூட ஒழுங்காக ஜெயித்ததில்லை. அதனால்தான், ஒரு சனிக்கிழமை நீயாகவே "இனிமே அதெல்லாம் வேணாம் மச்சான், சின்னப் பசங்க விளையாட்டு" என்றபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஜெயிக்கிறவன் எதற்கு ஆட்டத்தை நிறுத்த வேண்டும்?

அதற்குப் பிறகு உன்னைக் கவனிக்க ஆரம்பித்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் கருவாட்டுக் கடைகளைக் கைக்குட்டையும் ஓட்டமுமாகத் தாண்டுகிறவன், ஒருநாள் அங்கேயே நின்று சாவகாசமாகச் செருப்பு வாரைச் சரிசெய்தாய். நான்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு உனக்காகக் காத்திருந்தேன். தலைவலி என்று அடிக்கடி நெற்றியைத் தேய்த்தாய். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாய்.

அடுத்த சனிக்கிழமை நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நீ கோதுமை பீர், நான் சாதாரண லாகர் பீர். நீ கை கழுவப் போனாய். பாருக்குள் வழக்கமான சிவப்பு விளக்கு, நிறம் சரியாகத் தெரியாத வெளிச்சம். உன் கிளாஸை என் பக்கம் இழுத்து, என்னுடையதை உன் பக்கம் தள்ளினேன். நீ முகர்ந்தவுடன் "டேய் திருடா" என்று சிரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே செய்தேன். நீ வந்து உட்கார்ந்தாய். கிளாஸைத் தூக்கினாய், கண்ணை மூடினாய். "தனியா. கமலா ஆரஞ்சுத் தோல்" என்றாய். நோட்டை எடுத்து எழுதவும் செய்தாய்.

என் முன்னால் இருந்த கிளாஸிலிருந்து தனியா வாசனை கும்மென்று வந்துகொண்டிருந்தது. நீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாய், நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் மின்சார ரயில் தாமதத்தைப் பற்றி ஏதோ உளறினேன்.

ஏன் கேட்கவில்லை? மூக்கு போய்விட்டது என்று வாயால் சொல்லிவிட்டால் உன் வேலை போய்விடும். பெண் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். இந்தக் காரணத்தை எனக்கு நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. கேட்டால், கிளாஸை மாற்றியதை ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பனைத் திருட்டுத்தனமாகச் சோதித்தவன் என்று பெயர் வரும். எனக்கு அதுதான் பெரிதாகப் போயிற்று.

ஒன்பது மாதம் கழித்து நீ வீட்டில் வலிப்பு வந்து விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, நெற்றி எலும்புக்குப் பின்னால் கட்டி, வாசனை நரம்பை அழுத்திக்கொண்டே வளர்ந்திருக்கிறது, மெதுவாக வளர்கிற வகை, முன்பே வந்திருந்தால் ஆபரேஷன் சுலபமாக இருந்திருக்கும் என்றார். இவருக்கு எவ்வளவு நாளாக வாசனை தெரியவில்லை என்று கேட்டார். ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாரா?"

"இல்லையேம்மா" என்றேன். நீ சொல்லவில்லை என்பது உண்மைதான். அந்த உண்மைக்குள் நான் ஒளிந்துகொண்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு நீ கண் திறக்கவேயில்லை.

இந்த ஒரு வாரம் உன் நோட்டை ஆரம்பத்திலிருந்து படித்தேன். சுக்குக் காப்பி ஸ்டவுட் இருக்கிறது, வேப்பம்பூ ஏல் இருக்கிறது, நான் தப்பாகச் சொன்னதற்கெல்லாம் பக்கத்தில் முட்டை மார்க் போட்டிருக்கிறாய். படித்துக்கொண்டே அந்தச் சனிக்கிழமைக்கு வந்தேன். முதல் வரியில் தனியா, கமலா ஆரஞ்சுத் தோல். அதன் கீழே வேறு பேனாவில், வீட்டுக்குப் போய் எழுதியது போல் சில வரிகள் இருந்தன.

"கிளாஸை மாத்திட்டான். சொல்லிட்ட பிறகுதான் பார்த்தேன், நுரை அதுக்குள்ள அடங்கிடுச்சு. கோதுமை பீர்னா நுரை நிக்கும். அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு வார்த்தை கேட்டா எல்லாத்தையும் சொல்லிடலாம்னு உட்கார்ந்திருந்தேன். கேக்கலை."

நீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான். அழுதேன், வேறென்ன செய்ய. நேற்று ராத்திரி அந்தத் தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். தையல் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. விட்டுவிட்டேன்.

கேட் திறக்கும் சத்தம். என் மனைவி வாசலுக்குப் போகிறாள். "என்ன அண்ணி, தனியா வாசனை தெருமுனை வரைக்கும் வருது" என்று ஸ்டெல்லாவின் குரல் கேட்கிறது. நோட்டை அந்தப் பக்கத்திலேயே விரித்து வைத்திருக்கிறேன். "உனக்கு வாசனை தெரியலையா மச்சான்?" உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது இவ்வளவுதான். அன்றைக்கு வாய்க்குள் நின்றது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே இப்போது எழுந்து போய் அவளுக்கு இந்தப் பக்கத்தை வாசிக்கப் போகிறேன்.