பத்தொன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு

நவ. 4, செவ்வாய்

மூடுபனி, மூன்றாம் நாள். பாலத்தில் நின்றால் அக்கரை இல்லை.

செய்ய:
முன்னுரை, இரண்டு பக்கம், ஞாயிறுக்குள்.
ரயில் அரைக்கட்டண அட்டை (ஹால்ப்டாக்ஸ்) புதுப்பிக்க.
பழுப்புச் சப்பாத்து, அடி பிரிந்துவிட்டது.

முன்னுரை ஓடவில்லை. ஒரு மேற்கு ஆபிரிக்க நாவல். ஆற்றங்கரை ஊர், வெள்ளைக்காரச் சிப்பாய்களை ஏற்றமாட்டேன் என்று ஓடத்தைக் கரையில் கட்டிவிடும் ஓடக்காரி, அவளோடு ஊரே. கடைசியில் விடுதலை. யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில், குலம் அண்ணை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தார். நானும் என் சிநேகிதி நளாவும் பிரதி எடுத்தோம். பள்ளிக் கொப்பி ஒற்றைகள், நடுவில் கார்பன். முதல் பாதி நான், மறுபாதி அவள். எனக்குப் பதினாறு, அவளுக்குப் பதினேழு. எத்தனை கை மாறியதோ. ஒரு பிரதி யோகனின் மாமாவோடு சுவிஸ் வந்து சேர்ந்திருக்கிறது. அதைத்தான் ஓல்டன் வாசகர் வட்டம் அச்சிடப்போகிறது, மாதக் கடைசியில் வரும், இயக்கத்தில் இறந்தவர்களின் நினைவு நாட்களுக்கு முன்.

யோகன் (வட்டத்தின் செயலாளர், பகலில் களஞ்சியத்தில் பொதி ஏற்றுகிறான்) அட்டைப்படம் அனுப்பினான். கொடி, ஓடம், சூரியன். மூன்றும் எதற்கு என்று கேட்டேன்.

"சனம் கையிலை எடுக்க வேணுமெல்லோ அக்கா."

மாலை நூலகம். அதே நாவல் ஜெர்மன் மொழியில், அடுக்கிலேயே இருந்தது. பெயர்களைச் சரிபார்க்க எடுத்துவந்தேன்.

நவ. 5, புதன்

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பு, 9.15. வயதான அம்மா, ஈரல். வெளியே மகன் என்னை ஒதுக்குப்புறமாக நிறுத்தி, டொக்டர் சொல்லுவதை முழுக்கச் சொல்ல வேண்டாம் என்றான். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ அக்கா. தொழில் விதி: கூட்டாதே, குறைக்காதே. முழுக்கச் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. திரும்பிப்போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மகன் என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

சரியாகத்தான் செய்தேன். மத்தியானம் சாப்பிட முடியவில்லை.

ரயிலில் ஜெர்மன் பிரதியைப் புரட்டினேன். இருபத்துமூன்று அத்தியாயங்கள்.

நம்முடையதில் பத்தொன்பது.

வீட்டில், யோகன் அனுப்பிய ஸ்கான் பிரதியைத் திறந்து மறுபடி எண்ணினேன். 19: விடுதலை நாள், ஆறு நிறைய விளக்கேற்றிய ஓடங்கள். கீழே ‘முற்றும்’. அதற்குக் கீழே இரட்டைக் கோடு. நளாவின் கோடு. அடிமட்டம் வைக்காமலே நேராகப் போடுவாள்.

நவ. 6, வியாழன்

20 முதல் 23 வரை வாசித்து முடித்தேன். குறிப்பு:
– வெள்ளைக்காரத் துரையின் கதிரையில் புதிய அதிகாரி. கதிரையை மாற்றவில்லை.
– துறையில் பாஸ் கேட்கிறார்கள். கேட்பவன் ஓடக்காரியோடு சிறையில் இருந்தவன்.
– அவள் பாஸ் எடுக்க மறுக்கிறாள். மறுபடியும் ஓடத்தைக் கட்டுகிறாள். இந்த முறை ஊர் அவளோடு இல்லை.

நாவலே அதுதான். நாங்கள் படித்தது அதன் முன்வாசல்.

பாஸ். ஊரைவிட்டு வெளியேற அம்மாவும் நானும் இயக்கத்தின் அலுவலகத்தில் பாஸுக்காக நின்ற நாட்கள். அம்மாவின் கால் வீங்கியிருந்தது. வரிசையைச் சரிசெய்தவன் எங்கள் ஒழுங்கையில் பேப்பர் போட்டவன்.

நளா பிரதி எடுத்து முடித்த அடுத்த தை மாதம் இயக்கத்துக்குப் போனாள். மூன்றாம் வருடம் அஞ்சலிச் சுவரொட்டியில் அவள் படம். போவதற்கு முதல் வாரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு சொன்னது: "ஒருநாளைக்கு எங்கடை கடலிலையும் அப்பிடி விளக்கெரியுமடி." 19ஆம் அத்தியாயம். அவளுக்குத் தெரிந்த முடிவு அது.

மூல மொழிபெயர்ப்பு குலம் அண்ணையிடம்தான் இருந்தது. யார் வெட்டியது என்று யோசிக்க என்ன இருக்கிறது.

யோகனுக்குப் போன். நாலு அத்தியாயம் இல்லை என்றேன். எந்த நாலு என்று கேட்டான். பிறகு, முதற்பாகம் என்று போட்டால் என்ன என்றான். பிறகு, நினைவு நாட்களுக்குள் இந்த நாலு அத்தியாயத்தையும் சனத்தின் கையில் கொடுப்பது சரியா என்றான். பத்தொன்பதோடு என்றால் என் பெயர் இல்லாமல் போடு என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு அது பழக்கமில்லை.

சப்பாத்து இன்னும் கதவோரம்.

நவ. 8, சனி

பூம்ப்ளிஸ், குலம் அண்ணை வீட்டுக்கு. பெர்ன் வரை நின்றுகொண்டே. கேட்க வேண்டிய வசனங்களை ரயிலில் அடுக்கினேன், ஐந்து. ஒன்றையும் பாவிக்கவில்லை.

குலம் அண்ணை மெலிந்துவிட்டார். இருபது வருடம் உணவக அடுப்படியில் நின்றவர், முதுகோடு நாரி வளைந்திருக்கிறது. தனியே இருக்கிறார். தேத்தண்ணி அவரே ஊற்றினார், சீனி போட்டுவிட்டார், குடித்தேன். ஜெர்மன் புத்தகத்தை மேசையில் வைத்தேன். அவர் கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தார், முதற் பக்கத்தை அல்ல.

ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். நளா அந்த முடிவை நம்பித்தான் போனாள் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எழும்பிப் போய் அலுமாரி மேலிருந்து ஒரு பொலித்தீன் பொதி கொண்டுவந்தார். உள்ளே கொப்பி ஒற்றைகள். 20 என்று மேலே. நளாவின் கையெழுத்து.

"அவளிட்டை நான் குடுத்தது முழுக்க, பிள்ளை. என்ரை பிரதி இடப்பெயர்விலை போட்டுது. இது அவள் திருப்பித் தந்தது."

"முழுக்க வாசிச்சவளோ?"

"எழுத முந்தி மூண்டு தரம் வாசிச்சவள்."

"வாசிச்சுப்போட்டும் போனவளோ?"

"வாசிச்சாப் பிறகுதான் போனவள்."

கீழே டிராம் திரும்பும் சத்தம். அவர் பிஸ்கட்டை உடைத்தார், சாப்பிடவில்லை. பத்தொன்பதோடு நிறுத்தச் சொன்னது நளாவாம். வாசலில் நின்று, சைக்கிளிலிருந்து இறங்காமலே. "‘இதை இப்ப குடுத்தா ஒருத்தரும் ஓடத்தைக் கட்டமாட்டினம் அண்ணை’ எண்டவள். வெட்டினது அவள். ஓம் எண்டது நான். எழுதிறதெண்டால் ரெண்டையும் எழுது."

என்னிடம் ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கேல்லையே."

உண்மை. கேட்கவில்லை. ‘முற்றும்’ என்பதை நானும் நம்ப விரும்பினேன்.

திரும்பும் ரயில். மடியில் பொதி. கோபம் மூன்று நாளாகக் கூடவே வந்தது. இப்போது அதை யார்மேல் வைப்பது? ஓல்டனில் இறங்காமல் ஒரு நிறுத்தம் தாண்டிவிட்டேன். குடையும் அங்கேயே, பூம்ப்ளிஸில்.

நவ. 9, ஞாயிறு

மூடுபனி. மலைக்கு மேலே வெயிலாம், வானொலியில் சொன்னார்கள். யாருக்கு.

யோகன் நேரில் வந்தான். ஒற்றைகளைக் காட்டினேன். தொடாமல் பார்த்தான். சொன்னேன்: 23 அத்தியாயமும் வரும், எப்படி 19 ஆனது என்பதும் முன்னுரையில் வரும்.

"நளாக்கான்ரை பேரையுமோ?"

"ஓம்."

"அவவின்ரை படத்துக்குப் பூ வைக்கிற சனமக்கா. நினைவு நாள் ஹோலிலை உங்களோடை ஒருத்தரும் கதைக்காயினம்."

தெரியும் என்றேன். இப்போதும் அதிகம் பேர் கதைப்பதில்லை. அவன் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. நினைவு நாட்களுக்குள் முடியாது, தையில் பார்ப்போம், வட்டத்தில் சண்டை வரும் என்றான். போகும்போது கதவோரச் சப்பாத்தைப் பார்த்து, நிலையத்தடியில் ஒரு துருக்கிக்காரர் தைப்பார் என்று தானே எடுத்துக்கொண்டு போனான். அட்டையில் சூரியனை எடுத்துவிடட்டுமா என்று படியில் நின்று கேட்டான். எடு.

முன்னுரை முடிந்தது, ஒன்றரைப் பக்கம். வெட்டியது யார், ஓம் என்றது யார், கேட்காமல் இருந்தது யார். மூன்று பெயர்கள். அவளுடையது வீட்டுப் பெயர். சுவரொட்டியில் இருந்த இயக்கப் பெயர் அல்ல.

பிறகு ஒற்றைகளைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். 20, 21. ஒரு அடித்தல் இல்லை. 22இன் நடுவில் நிறுத்திவிட்டாள். தாள் முடியவில்லை, கீழே பாதி வெற்றாக இருக்கிறது. இரட்டைக் கோடும் இல்லை. ஓடக்காரி துறையில் தனியே நிற்கும் இடம். ‘அவள் கயிற்றைக் கையில் எடுத்து, கரையில் நின்றவர்களை ஒருமுறை பார்த்து’

அவ்வளவுதான். முதல் பாதி நான், மறுபாதி அவள் என்பதுதான் பேச்சு. மிச்சம் இனி என் கையில்.

ஜெர்மன் பிரதியைத் திறந்து, அந்த வரியைத் தேடி, பென்சிலைச் சீவி