கூண்டு அட்டையில் இருந்த தேதி

பாய்,

இன்று காலை குரோம்பேட்டையில் ஒரு பழக்கடையைக் கடந்தபோது அழுகிய ஆப்பிள் வாடை வந்தது. திசுக்களைப் பதப்படுத்த நீங்கள் கலக்கும் திரவத்துக்கும் ஏறக்குறைய அதே வாடைதான். அங்கேயே நின்றுவிட்டேன்.

மின்னணு நுண்ணோக்கிக்காகச் சுண்டெலியின் உட்செவியை மெல்லிய துண்டுகளாக வெட்டித் தருவது உங்கள் வேலை. பார்த்து எழுதுவது என் வேலை. ஒலியை உணரும் மயிர்ச்செல்களின் உச்சியில் வரிசையாக முடிகள் நிற்கும். ஒவ்வொரு முடிக்குள்ளும் ஆக்டின் எனும் நுண்ணிய இழைகள். அவற்றைக் கற்றையாகச் சேர்த்துப் பிடிப்பவை சில புரதங்கள். அவற்றில் ஒன்று பிறவியிலேயே இல்லாத எலிகள் நம்முடையவை. முதல் படங்களில் முடிகள் நன்றாகவே நின்றன. அடுத்து நீங்கள் வெட்டித் தந்தவற்றில் மெலிந்து கிடந்தன.

மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஆய்வகத்தில் மாணவர்கள் ஆறு பேர் இருந்தார்கள்.

“கத்தியைப் பார்த்தீர்களா, பாய்?”

“புதுக் கத்தி சார். வெட்டு நல்லாத்தான் வந்துகீது. முடியே இப்டித்தான் கீது சார்.”

“முடியைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் கை நடுங்குகிறது.”

யாரோ சிரித்தார்கள். நீங்கள் உங்கள் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டீர்கள். மறுவாரமே மாற்றல் கேட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டீர்கள்.

இருபத்தைந்தாம் தேதி, திங்கட்கிழமை, எலிக்கூண்டின் அட்டையைப் படித்தேன். முதலில் வெட்டியவை ஒரு மாதக் குட்டிகள். பின்னவை பத்து மாத எலிகள். அந்தப் புரதம் இல்லாமலும் முடி வளர்ந்துவிடும். வயது ஏற ஏறத்தான் மெலியும். நீங்கள் காட்டியது அதைத்தான். ரயில் டிக்கெட்டின் தேதியை மூன்று முறை சரிபார்க்கிற நான், எலிகள் பிறந்த தேதியைப் பார்க்கவில்லை.

அடுத்த கட்டடம் இரண்டு நிமிட நடை. நான் ஓய்வு பெறும்வரை அந்த இரண்டு நிமிடத்தை நடக்கவில்லை. வழியில் கண்டால் நீங்கள்தான் முதலில் சலாம் சொல்வீர்கள். நான் வெயிலைப் பற்றிப் பேசுவேன்.

சென்ற மாதம், நீங்கள் மறைந்த மூன்றாம் நாள், பல்லாவரம் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகன் தேநீர் தந்தார். “அத்தாவுக்கு ரொம்பப் புடிச்ச வேல சார் அது. கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு, தப்பா வெட்டிட்டேன், அதான் நானே விலகிட்டேன்னு சொல்லுவாரு” என்றார். பிறகு, “அப்டியா சார்?” என்று என் முகத்தைப் பார்த்தார்.

நான் ஆமென்று தலையசைத்தேன்.

மன்னிப்புக் கேட்காத ஆண்டுகளோடு அந்தத் தலையசைப்பும் இப்போது என்னிடம் இருக்கிறது. உங்கள் கை ஒருநாளும் நடுங்கியதில்லை, பாய். இதை உங்கள் மகனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.