மரியான் அண்ணையின் டீசல்

புரட்டாதி 9, செவ்வாய்

ஊர்காவற்றுறையிலிருந்து மீன் ஏற்றிப் போன என் லொறி பண்ணைப் பாலத்தில் நின்றுவிட்டது. டீசல் தாங்கியைச் சுத்தமாக்கும் மருந்தில் ஒரு போத்தலை நேற்று அப்படியே ஊற்றியிருந்தேன். அது நிறைந்த தாங்கிக்கான அளவு. என் தாங்கியில் கால்வாசிதான் கிடந்தது. அடியில் கிடந்த ஊத்தை எல்லாம் கிளம்பிப் பில்டரை அடைத்துவிட்டது. ஐஸ் கரைந்து, லொறியில் கூட வந்த மரியான் அண்ணையின் மீன் பழுதாகிவிட்டது.

"டீசல் சரியில்லைப் போல" என்றேன். அவர் முகம் கறுத்துப்போனது. காலையில் தன் வள்ளத்து டீசலில் ஒரு கான் என் லொறிக்கு ஊற்றியவர் அவர்தான்.

"என்ர டீசலாலதான் தம்பி. குறை நினையாதையும்."

"பரவாயில்லை அண்ணை" என்று அவரை மன்னித்தும் விட்டேன்.

பழுதாகாமல் மிஞ்சிய ஒரு பாரை மீனை என் கையில் தந்துவிட்டார். வீட்டில் என் மனிசி குழம்பு வைத்தாள். இரண்டாந்தரமும் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.