இடது பக்கம் படுப்பவள்

மார்ச் 4, செவ்வாய்
இடது இடுப்பில் மறுபடியும் வலி. காலையில் இவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது கால் வெடவெடத்துவிட்டது. இவர் பார்த்துவிட்டார். பக்கவாதம் வந்து ஆறு வருடம். வலது கையும் காலும் போயின, பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது. கழுகுக் கண் மட்டும் அப்படியே இருக்கிறது.

மார்ச் 6
டாக்டர் அழுத்திய இடத்தில் உயிர் போய் வந்தது. பர்சைடிஸாம். இடுப்பு எலும்பின் மேல் தசை உராயாமலிருக்க ஒரு சின்ன நீர்ப்பை உண்டு, அது வீங்கியிருக்கிறது. மாத்திரை, ஐஸ் ஒத்தடம். கனம் தூக்கக் கூடாது. நான் தூக்கும் கனம் இவர்தான், அறுபத்தெட்டு கிலோ, காலையும் மாலையும் — அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

"எந்தப் பக்கம் படுப்பீங்க?" என்றார். வலது பக்கம் என்றேன். பொய்.

இவர் கட்டில் என் இடது பக்கம். முதல் வருடம் ஒருநாள் நான் வலது பக்கம் திரும்பிக் கிடந்தபோது இவருக்குப் புரையேறி, முகம் நீலமாகி — அதற்குப் பிறகு இவருக்கு முதுகைக் காட்டிப் படுத்ததே இல்லை. உண்மையைச் சொன்னால் திரும்பிப் படு என்பார்கள். முடியாது.

மார்ச் 9
மகன் போனில்: "நீயும் விழுந்துட்டா என்னம்மா பண்றது? முதியோர் இல்லத்துல அப்பாவுக்கு ஒரு இடம் இருக்கு. மாசக் கடைசி வரைக்கும்தான் வெச்சிருப்பாங்க."
நல்ல பிள்ளைதான். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 12
எதிர்வீட்டு அக்கா எண்ணெய் காய்ச்சி எடுத்து வந்தார். "அழுத்தித் தேய்ச்சாத்தான்டி கேக்கும்." தேய்த்தார், தேய்த்தார், அப்படித் தேய்த்தார்.

மார்ச் 13
சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். அக்கா கேட்டால் தேவலை என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 17
அக்காவை இவருக்குத் துணை வைத்துவிட்டு அக்குபங்சருக்குப் போனேன். வலது பக்கமாகச் சாய்த்து ஏழு ஊசி. அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது வலி பாதி. பலே ஊசி!

மார்ச் 18
விடிந்ததும் பழையபடி.

மார்ச் 20
பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு என் மகன் வயதிருந்தால் அதிகம். இடுப்பைப் பார்க்காமல் காதைப் பார்த்தாள். "இடது காதுக்குப் பின்னால மட்டும் தோட்டுத் திருகு பதிஞ்சு காய்ச்சுப்போயிருக்கேம்மா. நெஜமா எந்தப் பக்கம் படுக்கிறீங்க?"

மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ராத்திரி பூரா அந்தப் பை மேலயே படுத்திருந்தா மருந்து என்ன பண்ணும்?" ஊசி போட்டுக்கொள்ளலாம், எண்ணெயும் தடவலாம், ஆனால் வீக்கத்தை அழுத்தக் கூடாதாம். இவரைத் தூக்காமல் நகர்த்த ஒரு சறுக்குப் பலகை கொடுத்தாள். இவர் கட்டிலை எனக்கு வலது பக்கம் போடலாமே என்றாள். அந்தப் பக்கம் குளியலறைக் கதவு, இவருடைய அகலக் கட்டிலைப் போட்டால் திறக்காது.

மார்ச் 23
சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். இவர் டம்ளரைத் தட்டிவிட்டார், தரையெல்லாம் தண்ணீர். "ஆறு வருஷமா உங்க மூஞ்சியப் பாத்துப் படுத்தே என் இடுப்பு போச்சு!" எதிர்வீடு வரை கேட்டிருக்கும். குனிய முடியாமல் காலாலேயே துடைத்தேன். ச்சே. என்ன பொம்பள நான்!

மார்ச் 24
இவர் என்னைப் பார்க்கவேயில்லை. அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 25
சாயங்காலம் இவர் இடது கையால் தலையணையை இழுத்துக் கீழே போட்டார். எடுத்து வைத்தேன். மறுபடி போட்டார். "என்னதான் வேணும் உங்களுக்கு?"

"அங்க," என்று தன் கால்மாட்டைக் காட்டினார். பிறகு என் கட்டிலின் கால்மாட்டை. "நீ… யும்."

இரண்டு பேரும் தலை வைக்கும் பக்கத்தை மாற்றினால் இவர் எனக்கு வலது பக்கம் வந்துவிடுவார்! ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சுவிட்சுக்குப் பக்கமாக வைத்த தலையணை. ஆறு வருடமாக அதை ஒருவரும் தொடவில்லை.

மார்ச் 30
மகனிடம் இல்லம் வேண்டாமென்றேன். "நல்லா யோசிச்சியாம்மா?"
"உங்கப்பா யோசிச்சாரு."

ஏப்ரல் 14, திங்கள்
வலி முழுதாகப் போகவில்லை. படி ஏறினால் இன்னும் இருக்கிறது. உடற்பயிற்சியில் இரண்டு நாள் ஏமாற்றினேன்.

ஒன்று எனக்குத் தோன்றவேயில்லை. இத்தனை நாள் என் பக்கம் கிடந்தது இவருடைய போன கை. இப்போது நல்ல கை. காலையில் கண் விழித்தபோது அது என் கட்டிலுக்கு வந்து போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். மணி ஏழே கால் ஆகிவிட்டது, நான் எழுந்திருக்கவில்லை.