பீலித் தண்ணீர் ஊற்றிய தொட்டி

மீன்கள் செத்துப்போனது உனக்குத் தெரிந்தே இருந்தது. நேற்று மாலை இது உறுதியானது. சொன்னவர் உன் மனைவி.

பசறை வீட்டைக் காலி செய்துவிட்டு, பதுளையில் தங்கை வீட்டோடு போய் இருக்கப்போகிறார். அதற்கு முன் உன் கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "இத வச்சு நான் என்னங்கண்ணே செய்யப் போறேன், நீங்களே வச்சுக்கங்க" என்றார். வாங்கி மேசையில் வைத்தேன். தண்ணீர் நின்ற மட்டத்தில் சுற்றிவர ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. எங்கள் வீட்டுக் கேத்திலின் உள்ளே படிகிற அதே சுண்ணாம்பு. அதைப் பார்த்ததும், இத்தனை மாதம் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் அதிர்ச்சி அடையவில்லை. "அவருக்குத் தெரியுங்கண்ணே. மாத்துத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தப்ப பாத்தேன், தொட்டியக் கழுவிக் கவுத்து வச்சிருந்தீங்க. அவரு தம்பிதான் வார்டுல கூட இருந்தாரு. தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன், தம்பி அண்ணன்கிட்ட சொல்லியிருக்காரு."

"அவன் என்ன சொன்னானாம்?"

"அவன்கிட்ட காட்டிக்காதீங்க, எவ்வளவு தூரம் போறான்னு பாப்போம்னு சொன்னாராம்."

நீ மடுல்சீமை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்த காலத்தில், பேப்பருக்கு நான் எழுதும் செய்திக் கவரைக் காக்கிச் சட்டைக்குள் வைத்துப் பதுளைக்குக் கொண்டுபோவாய். "இவன் செய்தி லேட்டா வரும், ஆனா பொய் வராது" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்வாய். எனக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளூரப் பெருமையாகவும் இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு நீ மீன் வளர்க்கத் தொடங்கினாய். பதுளைக் கடைத் தெருவில் வாங்கிய சின்னச் சின்ன வண்ண மீன்கள் எல்லாம் ஒரு வாரத்துக்குள் செத்தன. குழாய்க்கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தாய், மழைத் தண்ணீர் பிடித்துப் பார்த்தாய். கடைசியில் கறுப்பு மொலி மீன் வாங்கி வந்தாய். அவற்றிலும் மூன்றுதான் பிழைத்தன. அந்த மூன்றும் குட்டி போட்டன, குட்டிகளும் குட்டி போட்டன. ஏழு வருஷத்தில் தொட்டி நிறைந்தது. "தண்ணிய மாத்த முடியாதுப்பா. தண்ணிக்கு ஏத்த மீனத்தான் வளக்கணும்" என்றாய்.

"இந்தச் சுண்ணாம்பு மீன் வயித்துல படியாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீயுந்தானே இதே தண்ணியக் குடிக்கிற. செத்தா போயிட்ட?"

ஈரலில் நோய் என்று உன்னைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, உன் மனைவியும் பதுளைத் தங்கை வீட்டில் போய்த் தங்கியதால், இரண்டு வீடு தள்ளி இருந்த என்னிடம் சாவியைக் கொடுத்தாய். பழைய பஸ் டிக்கட் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியும் தந்தாய்: "தொட்டியத் தொடாத. கொறஞ்சா கொழாத் தண்ணி ஒரு கோப்ப ஊத்து. வேற ஒண்ணும் செய்யாத."

அந்த வாரம் மண்சரிந்த பாதையைப் பார்க்க மடுல்சீமை போயிருந்தேன். நீ பிறந்த தோட்டத்து லயத்துக்குப் பின்னால், மலையிலிருந்து பீலிக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசியைப் பற்றி நீ எத்தனை முறை பேசியிருக்கிறாய்! நோயாளிக்கும் சாமிக்கும் அங்கே பீலித் தண்ணீர்தான். உன் மீன்களும் ஒருமுறை அதைக் காணட்டும் என்று நினைத்தேன். இரண்டு கேன் நிரப்பி பஸ்ஸில் ஏற்றி வந்து, தொட்டியின் பழைய தண்ணீரை அடிவரை இறைத்துவிட்டு அதை ஊற்றினேன். கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. உன்னிடம் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலையில் மீன்கள் செட்டையை ஒடுக்கிக்கொண்டு, இருந்த இடத்திலேயே நின்று உடம்பை ஆட்டிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைத் தெரு மீன்காரரிடம் போனேன். "சுண்ணாம்புத் தண்ணியிலயே பொறந்து வளந்ததுங்க. ஒரேயடியா மலத் தண்ணிய ஊத்துனா தாங்குமா?" என்றவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேப்பர்காரரு நீங்க. ஒரு வார்த்த கேக்காமலா செஞ்சீங்க?"

அன்று பின்னேரம் உன் கட்டிலருகே வந்தபோது உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். உன் கண் மஞ்சளாக இருந்தது. "மீனு எப்படி?" என்றாய். "நல்லா இருக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "குட்டி போட்டிருக்கு" என்றும் சொன்னேன்.

"எத்தன?"

"பதினொன்னு."

மறுநாள், "கறுப்பு எத்தன, புள்ளி விழுந்தது எத்தன?" என்று கேட்டாய். நாலு கறுப்பு என்றேன். அதற்கடுத்த நாள் மறந்துபோய் ஐந்து என்றேன். "நேத்து நாலுன்னியே?" என்றாய். ஒன்று பாசிக்குள் ஒளிந்திருந்தது என்று சமாளித்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "எண்ணிச் சொல்லு ரிப்போட்டர்" என்றாய். நோயாளியின் ஆசை என்று நினைத்தேன். அது விசாரணை என்று நேற்றுத்தான் தெரிந்தது. பஸ்ஸில் நடந்து வந்து, டிக்கட் எடுக்காதவனிடம் மட்டும் நின்று, "எங்க ஏறுனீங்க?" என்று மரியாதையாகக் கேட்பாயே, அதே குரல்.

ஒன்பது நாள் வந்தேன். ஒன்பது நாளும் நீ கேட்டாய், நான் சொன்னேன். பத்தாம் நாள் நீ இல்லை.

சாகக் கிடந்தவன்மேல் கோபப்படுவது அழகில்லை என்று தெரியும். நேற்றிரவு முழுக்கக் கோபப்பட்டேன். "தெரியும்டா, விடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் காலைப் பிடித்து அழுதிருப்பேன். நீ சொல்லவில்லை. பொய் வராது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், என்னைப் பொய்யில் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று நடக்கவிட்டுப் பார்த்தாய். இதை எழுதும்போது வேறொன்றும் தோன்றுகிறது. அந்த வார்த்தையை முதலில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஒன்பது நாளும் அதற்கு நேரம் இருந்தது.

தொட்டியில் இன்று குழாய்க்கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். வெள்ளைக் கோடு வரை. மீன் விடவில்லை. உன் டிக்கட் என் சட்டைப் பையில் இருக்கிறது.

உறுதியாகாதது ஒன்று மிச்சம். "எவ்வளவு தூரம் போறான்னு பாப்போம்" என்றபோது நீ சிரித்தாயா, இல்லையா? உன் மனைவி அதை நேரில் கேட்கவில்லை. கேட்டவர் உன் தம்பி ஒருவர்தான், கொழும்பில் இருக்கிறார். போனில் கேட்கலாம். ஆனால் இதை முகம் பார்த்துத்தான் கேட்க வேண்டும். அடுத்த மாதம் உன் திவசத்துக்கு வருகிறார்.