தலைமாட்டில் இருந்த பவர்பேங்க்

அன்புள்ள துர்காவுக்கு,

நேற்று இங்கே பெங்களூர்க் கடையில், ஒருவர் திருப்பித் தந்த பவர்பேங்க் தீப்பிடித்தது. எனக்கு உள்ளங்கையில் ஒரு கொப்புளம்தான். அம்மாவும் நீயும் சுகமா?

போனில் சொன்னால் சிரிப்பாய் என்று பார்சலோடு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தேனே, உன் தலைமாட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது நம்மூர் யோகேஸ்வரன் கடைப் பவர்பேங்க். அதன் வயிறு உப்பியிருந்தது. நான் வாங்கித் தந்தது எங்கே என்று கேட்டால், "உப்புக்காத்து படாம அரிசி டிரம்முக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன் மச்சான்" என்கிறாய். என்னுடையது அரிசிக்குள், அவனுடையது தலைமாட்டிலா? அதைக் கழற்றச் சொன்னதற்கு, "அந்தாளுட்ட வாங்குனாலே ஒங்களுக்கு ஆகாதே!" என்று சிரித்தாய்.

பொறாமைதான், மறுக்கவில்லை. ஆனால் நேற்று எரிந்ததும் அதே சரக்கு. காலையில் அம்மாவிடம் போனில் சொல்லி, அதை முற்றத்து மணல் வாளியில் வைக்கச் செய்துவிட்டேன். நீ அமுக்கிப் பார்க்காதே.

இனி என்னுடையதை எடுத்துத் துடைத்து, இந்தப் பார்சலில் வரும் சார்ஜரில் மட்டும் போடு. வெறும் தரையில், நீ விழித்திருக்கும்போது போடு. கட்டிலில் என்னுடையதும் வேண்டாம்.

குண்டு மிளகாய்ப்பொடி தீர்ந்துவிட்டது. நீயே அரைத்து அனுப்பு, கடைப்பொடி வேண்டாம். பஸ்காரர் பார்சலுக்கு அவசரப்படுத்துகிறார்.

யோகேஸ்வரனிடம் பேசி முடித்துவிட்டேன். நாளை வாசலில் நின்று வாளியோடு வாங்கிக்கொண்டு எழுநூறு ரூபாயைத் திருப்பித் தருவான். உள்ளே வரமாட்டான். காபி கிடையாது.

மருதுபாண்டி