பழக்காத ஜோடு

அரண்மனை
ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம் என்று எழுதினால் உன் அண்ணி பின்னால் நின்று சிரிக்கிறாள். ஆகவே, பாதி நலம். பாதத்தில் இரண்டு விரல் இல்லாதது பழகிவிட்டது, மாடிப்படிதான் பழகவில்லை. கீழே கிழக்குப் பக்கம் உனக்கு ஓர் அறையை ஒழித்து வெள்ளையடித்திருக்கிறோம். பத்து வருஷமாக அந்தக் கிராமத்தில் அப்படி என்னதான் செய்கிறாய்? பிள்ளை இல்லாத வீடு. உன் வளவளப்பு இல்லாமல் சாப்பாட்டு மேஜை இழவு வீடு மாதிரி இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் மூட்டை முடிச்சோடு வந்து சேர். சாக்குச் சொல்லாதே.

உன் அண்ணன்
(ராஜா என்று கையெழுத்துப் போட்டால் நீ பதில் எழுதமாட்டாய்.)


ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

கும்புடுறேன். அண்ணிக்கும் சொல்லுங்க. இது நீங்க சொல்லிக்குடுத்த எழுத்து, கோணலா இருந்தா என்னைத் திட்டக் கூடாது. ரூமுக்கு வெள்ளையடிச்சதைப் படிச்சதும் அழுகை வந்துருச்சு.

இங்க மழை நின்னுபோச்சு. பக்கத்து வீட்டு ஆடு என் தலகாணியைத் தின்னுருச்சுண்ணே. பாதி தின்னுட்டு மீதியை வாயில கவ்விக்கிட்டு ஓடுது, நான் பின்னாடியே தெருக்கோடி வரைக்கும் ஓடுறேன். "ராஜா வீட்டுப் புள்ள ஆடு மேய்க்குது பாரு"ன்னு ஊரே சிரிக்குது. அது சாதாரண ஆடு இல்ல, போன வருசம் தபால்காரர் பையையே... பாத்தீங்களா, சொல்ல வந்ததை விட்டுட்டு ஆட்டுக்குப் பின்னால போறேன். சொல்லப் பயமா இருக்கு, அதான்.

சின்ன வயசுல உங்களுக்கு வாத்தியாருங்க மூணு பேரு. எனக்கு ஒரே வேலை. ரெண்டு பேரு காலும் ஒரே அளவு. அரண்மனை ஜோட்டு மேஸ்திரி உங்களுக்குன்னு தைக்கிற புது ஜோட்டை நாப்பது நாள் நான் போட்டு நடந்து இளக்கிக் குடுக்கணும். ராஜாவாகப் போறவரு கால்ல கொப்புளம் வரக் கூடாது, இளையவன் கால்ல வரலாம். அதுல எனக்குக் கோவமே இருந்ததில்ல. குதிரை லாயமும் ஆத்தங்கரையும் உங்க ஜோட்டுலதான் சுத்துனேன்.

உங்களுக்கு முடிசூட்டுறதுக்கும் ஒரு ஜோடு வந்துச்சு. அது வந்த வாரமே காரியஸ்தர்கிட்ட, "ஊர்வலத்துல நான் எங்க நிக்கணும்?"னு கேட்டேன். "நீங்க எதுக்கு சின்னவரே? ஜோட்டைப் பழக்கிக் குடுத்துட்டா உங்க வேலை முடிஞ்சுது"ன்னு கணக்கப்புள்ளைங்க முன்னாடி சொல்லிட்டாரு. அவனுங்க சிரிச்சானுங்க.

நான் அந்த ஜோட்டுப் பெட்டியையே தொடலண்ணே. முப்பத்தொன்பதாவது நாள் அடித்தோல்ல செங்கல்லை வச்சுத் தேச்சேன், மேல எண்ணெய் தடவுனேன், பழசு மாதிரி ஆயிருச்சு. "பழகிருச்சாடா?"ன்னு கேட்டீங்க. "வெண்ணெய் மாதிரி இருக்குண்ணே"ன்னேன்.

மூணு மைல் நடந்தீங்க. பாதி வழியிலயே உங்க மூஞ்சி மாறிடுச்சு, நான் கூட்டத்துல நின்னு பாத்தேன். கொப்புளம் சீழ் வச்சு விரலை எடுத்தாங்க. நாப்பது நாள் பழக்கியும் கடிக்கிற ஜோட்டைத் தைச்சவன்னு மேஸ்திரியை ஒரே நாள்ல வெளியேத்துனாங்க. நான் வாயைத் தொறக்கல.

அவரு குடியிருக்கிற ஊர்லதான் நான் இருக்கேன். எதிர் வீடு. அவரு அப்புறம் ஜோடே தைக்கல, சாக்கு தைக்கிறாரு. தினம் போயி கதை சொல்லிச் சிரிக்க வைப்பேன். சொல்ல வேண்டிய கதையை மட்டும் இன்னும் சொல்லல.

இதைப் படிச்சதுக்கு அப்புறமும் வரச் சொன்னீங்கன்னா வர்றேன்.

உங்க தம்பி


அரண்மனை
ஜூன் 17

தம்பி,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கைத்தடியைச் சுவரில் எறிந்தேன். அதை எடுக்க உன் அண்ணியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

விரல் என்னுடையது. அதை மன்னித்துவிட்டேன். ஊர்வலத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது என் பங்கு.

மேஸ்திரிக்கு நடந்ததை மன்னிக்க நான் யார்? அவர்மேல் தப்பில்லை என்று அரண்மனை வாசலிலும் உங்கள் ஊரிலும் வாசிக்கச் செய்யலாம். அப்படி வாசித்தால், யார் செய்தது என்றும் வாசிக்க வேண்டும். ராஜாவின் உடம்புக்குக் கேடு செய்தவன் சாகிறவரை இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்ற சட்டம் உனக்குத் தெரியும். உன் ஒருவனுக்காக அதை ஒதுக்கிவைத்தால் நான் நாற்காலியில் உட்கார லாயக்கில்லை.

வாசிக்காவிட்டால் நீ நாளைக்கே வரலாம். நீயும் நானும் உன் அண்ணியும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். எனக்கு எது வேண்டும் என்று கேட்டால் வெட்கமில்லாமல் சொல்வேன், நீ வர வேண்டும். முடிவு உன்னுடையது.

அண்ணன்


ஜூன் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்க கடுதாசி வந்த அன்னைக்கே எதிர் வீட்டுக்குப் போனேன். போற வழியில ரெண்டு தரம் திரும்பி வந்து கதவு பூட்டியிருக்கான்னு பாத்தேன். திருட என்ன இருக்கு, கால்தான் நகரல.

மேஸ்திரி ஊசியில நூல் கோத்துக்கிட்டிருந்தாரு. "வாங்க கதைக்காரரே, இன்னைக்கு எந்த ராஜா?"ன்னாரு. "நம்ம ராஜாதான்"னு ஆரம்பிச்சேன். இந்தக் கதையில மட்டும் நான் எங்கயும் சுத்தலண்ணே. நேரா சொல்லி முடிச்சேன்.

அவரு கத்தல. "செங்கல்லைக் குதிகால்ல எந்தப் பக்கம் தேச்சீங்க?"ன்னாரு.

"உள்பக்கம்."

"நீங்க வெளிப்பக்கம் ஊனி நடக்குற ஆளு. அவங்க தூக்கிப்போட்ட ஜோட்டுல உள்பக்கம் தேஞ்சிருந்துச்சா, நாம ஜோடு தைக்கிற மர அச்சு கோணிப்போச்சு, கண்ணும் போச்சுன்னு நெனச்சேன். அத்தனை அச்சையும் அடுப்புல வச்சேன்."

"தப்புதான் மேஸ்திரி."

"என் வீட்டம்மா ஒத்துக்கல. 'உங்க கை தப்பு பண்ணாதுங்க'ன்னு சாகுற வரைக்கும் சொன்னா. வாயை மூடுடீன்னு சாகுற வரைக்கும் திட்டுனேன்." நூலை அறுத்துட்டாரு. "எந்திரிச்சுப் போங்க."

போன வருசம்தான் அந்தம்மா போனாங்க. அவங்க கையால நானும் சாப்பிட்டிருக்கேன். அப்பவும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், அவரு திட்டுறதை.

இப்ப நான் தண்ணி எடுக்கப் போனா அவரு உள்ள போயிடுறாரு. பேசச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் இல்ல.

உங்களைப் பாக்கணும் போலதான் இருக்கு. ராத்திரி சாப்பிடுறப்ப நீங்க ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்திருக்கறதை நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. ஆனா நான் வரலண்ணே. வாசிக்கச் சொல்லுங்க. என் பேரு, செங்கல்லு, வெண்ணெய்னு சொன்னது, ஒண்ணையும் விட வேண்டாம். எங்க ஊர்ல வாசிக்கிறப்ப மேஸ்திரி வீட்டுக்கு முன்னாடி நின்னு சத்தமா வாசிக்கணும், அவருக்குக் காது மந்தம்.

ஒரு வரி மட்டும் சேக்கச் சொல்லுங்க, மேஸ்திரியோட வீட்டம்மா சொன்னதுதான் உண்மைன்னு.

உங்க தம்பி